கணக்குப் புத்தகம் கைக்கு வந்த பிறகு: வங்கிக்குப் புதியவர்களுக்குத் துணை நிற்போருக்கான வழிகாட்டி

வங்கியை இதுவரை நெருங்காத ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ நிதி அமைப்புக்குள் கொண்டுவரும் வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. நீங்கள் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கலாம். ஊராட்சியில் தன்னார்வலராக இருக்கலாம். வீட்டில் முதலில் படித்தவர் என்பதால் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கலாம்.

எல்லாருக்கும் வங்கிக் கணக்கு என்ற நோக்கத்துடன் பிரதமரின் ஜன் தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கியது. உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வின்படி, 2011இல் இந்தியாவில் வயது வந்தோரில் 35 சதவீதத்தினரிடமே கணக்கு இருந்தது. 2021இல் அது 78 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் அதே 2021 ஆய்வில், கணக்கு வைத்திருந்தவர்களில் 35 சதவீதத்தினர் ஓராண்டாக அதைப் பயன்படுத்தவே இல்லை என்பதும் தெரியவந்தது. நிதிச் சேவைகள் மக்களை எவ்வளவு எட்டியிருக்கின்றன என்று காட்ட ரிசர்வ் வங்கி 2021 முதல் வெளியிட்டுவரும் நிதி உள்ளடக்கக் குறியீட்டில் கணக்கும் கிளையும் எட்டும் தூரத்தில் இருப்பதற்கு 35 சதவீத எடையும், அவற்றை மக்கள் பயன்படுத்துவதற்கு 45 சதவீத எடையும், சேவையின் தரத்துக்கு 20 சதவீத எடையும் தரப்படுகின்றன. நம் வேலையையும் இந்த விகிதத்திலேயே பிரித்துக்கொள்வது சரி என்பது என் கருத்து. கணக்கு திறப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கணக்கில் பணம் வந்து, தங்கி, தேவைப்படும்போது உரியவர் கையில் சேரும்படி செய்வதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

முதலில் காகிதங்கள்

வங்கிக்குப் போவதற்கு முன்பே ஒரு மாலை நேரத்தைக் காகிதங்களுக்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் வரிசையாகப் பரப்பிவைத்து, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆதாரில் ‘முத்துலட்சுமி’ என்றும், வாக்காளர் அட்டையில் ‘லட்சுமி’ என்றும், பழைய கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்துடனும், புதிய குடும்ப அட்டையில் கணவரின் முதலெழுத்துடனும் ஒரே பெண்ணின் பெயர் நான்கு விதமாக இருப்பது மிகச் சாதாரணம். அன்றாட வாழ்வில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை; பணம் அனுப்பும் கணினிக்கோ இவர்கள் நான்கு பேர். பிறந்த தேதியும் அப்படித்தான். ஓர் அட்டையில் ஆண்டு மட்டும் இருக்கும், மற்றொன்றில் ஜனவரி 1 என்று யாரோ போட்டிருப்பார்கள். ஓய்வூதியத்தின்போதும் காப்பீட்டு இழப்பீட்டின்போதும் இந்த வேறுபாடு பெரிதாக எழுந்து நிற்கும்.

எனவே எந்த எழுத்து வடிவம் சரி என்பதை அவரிடமே கேட்டு முடிவுசெய்து, அதையே ஆதாரில் நிலைநிறுத்திய பிறகு மற்றவற்றைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே மாற்ற முடியும் என்பதால் அவசரத்தில் திருத்தக் கூடாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட ஊரக வேலை உறுதித் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம் ஆகியவை வங்கி ஏற்கும் ஆவணங்கள். குடும்ப அட்டை இந்தப் பட்டியலில் இல்லை. பலர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். பான் அட்டை இல்லாதவர்கள், அது இல்லை என்று அறிவிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

கைபேசி எண்ணைப் பற்றி ஒரு சொல். பெண்கள் பெயரில் திறக்கப்படும் கணக்குகளில் கணவரின் எண்ணோ மகனின் எண்ணோ எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. பணம் வந்த செய்தியும், எடுத்த செய்தியும், ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்த எண்ணுக்குத்தான் போகும். கணக்கு யாருடையது என்பதை நடைமுறையில் தீர்மானிப்பது அந்த எண்தான். எளிய பொத்தான் கைபேசியாக இருந்தாலும் அவருக்கென்று ஓர் எண் வாங்கிய பிறகு வங்கிக்குப் போவது நல்லது என்று நான் வற்புறுத்துவேன்.

எந்தக் கணக்கு

கிளையில் ‘சேமிப்புக் கணக்கு வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் குறைந்தபட்ச இருப்பு வைக்கவேண்டிய கணக்கைத் திறந்து தந்துவிடக்கூடும். பின்னர் இருப்புக் குறைந்ததென்று சிறுகச் சிறுகப் பிடித்தம் ஆகும். ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்றே கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, பற்று அட்டைக்கு (டெபிட் கார்டு) கட்டணம் இல்லை, மாதத்துக்கு நான்கு முறையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். பணம் போடுவதற்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும் இல்லை. முக்கியமான நிபந்தனை, அதே வங்கியில் அவருக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பதாகும். ஜன் தன் கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதனுடன் தரப்படும் ரூபே அட்டையில், 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்பவர்கள் குறைவு. அட்டையைப் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காப்பீடு கிடைக்காமல் போகும்.

ஆவணம் எதுவுமே இல்லாதவர்களையும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. வங்கி அலுவலர் முன்னிலையில் கையொப்பமிட்டோ கைரேகை வைத்தோ, புகைப்படம் மட்டும் கொடுத்துச் ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டில் மொத்த வரவு 1 லட்சத்தையும், மாத எடுப்பு 10,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. இது 12 மாதம் செல்லும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதம் நீளும். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்து தங்கியிருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

படிவத்தில் நியமனதாரர், அதாவது கணக்குக்காரர் இறந்தால் பணத்தைப் பெறுபவர், பகுதியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். பதிவான பெயர் கணக்குப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது

புதிதாக வருபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. ‘ஆதாரைக் கணக்கோடு இணைத்துவிட்டோம், ஆனாலும் பணம் வரவில்லை’ என்று பலர் வந்து நிற்பார்கள். இதில் இரண்டு தனித்தனி வேலைகள் அடங்கியுள்ளன. ஆதார் எண்ணை வங்கி தன் ஏட்டில் பதிந்துகொள்வது ஒன்று. அரசுப் பணம் இந்த ஆதாருக்கு வந்தால் இந்த வங்கிக்கு அனுப்பு என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் இணைப்பேட்டில் பதிவது மற்றொன்று. இரண்டாவது வேலைக்குத் தனி ஒப்புதல் படிவம் தேவை. அந்த ஏட்டில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாகப் பதிந்த வங்கியே நிற்கும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். ஒரு பெண்மணிக்கு அரசு வங்கி ஒன்றில் பல ஆண்டுகளாகக் கணக்கு இருக்கிறது. ஊரில் நடந்த முகாமில் வேறொரு வங்கியின் முகவர் கைரேகை வாங்கிப் புதிய கணக்கு ஒன்றைத் திறக்கிறார். அப்போது நீட்டிய தாள்களில் இணைப்பேட்டு ஒப்புதலும் ஒன்று. அடுத்த மாதம் முதல் எரிவாயு மானியமும் வேலைத் திட்டக் கூலியும் புதிய கணக்குக்குப் போகின்றன. அவரோ பழைய கணக்குப் புத்தகத்தை மாதந்தோறும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, அரசு பணத்தை நிறுத்திவிட்டது என்று நம்புகிறார். பணம் எங்கும் தொலையவில்லை. எந்தக் கணக்கில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ‘பணம் வரவில்லை’ என்று யார் வந்தாலும் முதலில் எந்த வங்கி இணைப்பேட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியில் இது தெரியும். இணையம் இல்லாத கைபேசியில் *99*99*1# என்று அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தும் அறியலாம். வங்கியின் பெயர் சரியாகவே இருந்தால், கணக்கு செயலற்றதாகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகக் கருதப்படுகிறது. அதை மீண்டும் உயிர்ப்பிக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. மூன்றாவதாக, வாடிக்கையாளர் விவரப் புதுப்பிப்பு (கேஒய்சி) நிலுவையில் இருக்கலாம். குறைந்த ஆபத்து வகைக் கணக்குகளுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது செய்யப்பட வேண்டும் என்பதால், 2014, 2015இல் திறந்த ஜன் தன் கணக்குகள் பலவற்றுக்கு அந்தக் கெடு வந்துவிட்டது. முகவரியில் மாற்றம் இல்லையென்றால் ஓர் உறுதிமொழிக் கடிதமே போதும். இந்த மூன்றையும் பார்த்த பிறகே திட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள்.

பணம் எடுக்கும் இடம்

கிளை தொலைவில் இருக்கும் ஊர்களில், வங்கியின் சார்பில் பணம் பெற்றும் கொடுத்தும் வரும் வணிக முகவரே வங்கி. 2006இல் ரிசர்வ் வங்கி இந்த முறைக்கு அனுமதி தந்தது. அஞ்சலகப் பணப்பட்டுவாடா வங்கி 2018 செப்டம்பரில் வந்த பிறகு அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து ஆதார் கைரேகை வழியாகப் பணம் தர முடிகிறது. வசதி பெரியது. ஆனால் கைரேகையைக் கருவியில் வைப்பது, காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம் என்பதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லவேண்டும். தொகை திரையில் தெரிந்த பிறகே விரல் வைக்க வேண்டும். ‘சர்வர் இல்லை, மறுபடியும் வையுங்கள்’ என்று சொன்னால் முதல் முயற்சிக்கான அச்சுச் சீட்டைக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கைபேசிச் செய்தியுடன் சீட்டை ஒப்பிட வேண்டும். இந்த வசதியே வேண்டாதவர்கள் ஆதார் செயலியில் தம் கைரேகையைப் பூட்டிவைக்கலாம்.

கல்லும் சிமெண்டும் பிடித்த கைகளில், பல ஆண்டுகள் துணி வெளுத்த கைகளில், ரேகை பதியாது. அவர்களுக்குப் பற்று அட்டையும், கிளையில் பணம் எடுக்கும் சீட்டும் இருக்கின்றன. கைரேகை பதியவில்லை என்பதற்காக ஒருவருடைய பணத்தை அவருக்குத் தர மறுக்க முடியாது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகமும் அட்டையும் மறுக்கக் கூடாது என்பதும், படிவங்களில் மூன்றாம் பாலினத்தவருக்கு இடம் இருக்கவேண்டும் என்பதும் விதிகளே. கிளையில் இவற்றைக் கேட்கும்போது சலுகை கேட்பவரைப் போலக் குழைய வேண்டியதில்லை.

கடன்

சேமிப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சேமிக்கத் தெரியாததால் ஏழைகள் ஏழைகளாக இருக்கவில்லை. அவர்களை அரிப்பது கடனின் விலை. தண்டல் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாளில் அடைக்க வேண்டும். ‘ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. 9,000 ரூபாய் முழுமையாக அவரிடம் 100 நாளும் இருப்பதில்லை. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டும் வட்டி. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட காய்கறி வியாபாரிக்கு, தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும் என்பதும், ஒழுங்காக அடைத்தால் அடுத்து 25,000, பின்னர் 50,000 என்று அது உயரும் என்பதும், வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பும் என்பதும் உடனே விளங்கும்.

பெண்களுக்கு இன்றும் நம்பகமான வழி சுயஉதவிக் குழுதான். ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களை வங்கியுடன் இணைக்கும் சோதனையாகத் தொடங்கியது நாடு முழுவதும் பரவியது. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் தரும் உள்கடன், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துதல், சரியான பதிவேடு ஆகிய ஐந்தையும் வங்கி பார்க்கிறது. குழுவுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. பதிவேட்டை ஒருவர் மட்டுமே எழுதும் குழு, அவர் மணமாகியோ வேலைக்கோ ஊரைவிட்டுப் போன மறுமாதமே ஆட்டம் காணும். இன்னும் இருவருக்காவது எழுதக் கற்றுக்கொடுங்கள்.

நுண்கடன் நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் இத்தகைய கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. இந்த நேர வரம்பை மட்டுமாவது குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்துக்காட்டுங்கள். இரவு வாசலில் வந்து நிற்பவரை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் வீடுகள் பல உள்ளன. அடுத்தவர் கடனுக்குத் தன் ஆதார் நகலைக் கொடுத்தவர்களும் இருப்பார்கள். ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்துவைக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பதால், அதை வாங்கிப் பார்த்தால் அவர் பெயரில் இருக்கும் கடன் தெரிந்துவிடும்.

காப்பீடும் ஓய்வூதியமும்

கணக்கு உள்ள எவரும் இரண்டு காப்பீடுகளில் சேரலாம். ஜீவன் ஜோதித் திட்டத்தில் 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்து ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால், எக்காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பொருந்தும். சுரக்ஷாத் திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். இரண்டுக்கும் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் 456 ரூபாயாவது இல்லையென்றால் பிடித்தம் நடக்காது, காப்பீடு விட்டுப்போகும். யாரும் வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார்கள். மே மாதக் குழுக் கூட்டத்தில் எல்லாருடைய இருப்பையும் பார்ப்பதை ஒரு வழக்கமாக்குங்கள்.

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ள, வருமான வரி கட்டாதவர்கள் சேரலாம். 60 வயதில் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாயும், 40 வயதில் சேர்ந்தவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டியிருப்பதால், வீட்டில் இளையவரை முதலில் சேர்ப்பதே பொருத்தம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரை உயர்ந்த தொகையில் சேர்த்துவிடாதீர்கள். தொகையைப் பின்னர் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது.

முறையீடு

வங்கி தவறு செய்தால் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். மோசடியில் பணம் போனால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அப்போதே அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் வெளியாரால் நிகழ்ந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளர் மேல் விழாது என்று 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. கடவுச்சொல்லை அவரே சொல்லிவிட்டிருந்தால் நிலைமை வேறு. தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதாகிவிடும்.

குடும்பத்தில் ஒருவர் இறந்தால்

இந்த வேலையில் மிகவும் கைவிடப்பட்ட பகுதி இது. துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசத் தயங்கி, பேசும் காலம் வரும்போது கணக்குப் புத்தகமே காணாமல் போயிருக்கும். காரியங்கள் முடிந்ததும், நெருக்கமானவர் ஒருவர் வழியாக மறைந்தவரின் எல்லாக் கணக்குப் புத்தகங்களையும் கேட்டு வாங்கி, அச்சிட்டு, மே மாத இறுதி, ஜூன் மாதத் தொடக்கத்துப் பக்கங்களைப் பாருங்கள். 436 என்றோ (பழைய ஆண்டுகளில் 330), 20 என்றோ (பழைய ஆண்டுகளில் 12) ஒரு பற்று இருந்தால் அவர் காப்பீட்டில் இருந்திருக்கிறார். வீட்டாருக்கு அது தெரியாமலே இருக்கலாம். பற்று நடந்த ஆண்டின் காப்பீட்டுக் காலத்துக்குள் மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு ஜீவன் ஜோதிப் பிடித்தம் 342, 228 அல்லது 114 ஆக இருக்கும் என்பதால் மற்ற மாதங்களையும் விடாமல் பாருங்கள். நியமனதாரர்தான் இறப்புச் சான்றிதழ், தம் அடையாள ஆவணம், தம் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் அந்தக் கணக்கு இருக்கும் கிளையிலேயே கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும். விபத்தாக இருந்தால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவை. ஒரே மனுவில் எல்லாவற்றையும் முடிக்க முயலாமல், கணக்கில் உள்ள இருப்புக்கு ஒன்றும் காப்பீட்டுக்கு ஒன்றும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக் குடும்பத்தாரிடமே கொடுத்துவையுங்கள்.